பெயர்ப்பலகையும் கடமையும்

நாமமும் ரூபமும் மாறுபவை. அவற்றுக்கு ஆதாரமானது மாறாதது என்கிறது வேதாந்தம். பூஜையறையில் இவ்வுண்மை எளிதாகவே விளங்குகிறது. நாம் பணிபுரியும் நிறுவனத்தையே வேறொருவர் விலைக்கு வாங்கும்போதுதான் அது சோதனைக்கு உள்ளாகிறது.

ஹைதராபாத்தில் 1987-இல் தோன்றிய சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தை எண்ணிப் பார்ப்போம். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர், கணக்கில் காட்டிய ரொக்கத்தில் ரூ. 5,040 கோடி உண்மையில் இல்லை என்று கடிதம் மூலம் ஒப்புக்கொண்டார். வாய்மையைப் பெயராகக் கொண்ட நிறுவனத்தின் கணக்கேட்டில் வாய்மை இல்லை! மத்திய அரசு புதிய இயக்குநர் குழுவை நியமித்தது. ஏப்ரலில் நடந்த ஏலத்தில் டெக் மஹிந்திரா வென்றது. ஜூனில் ‘மஹிந்திரா சத்யம்’ என்று பெயர் மாறியது. 2013-இல் இணைப்பு நிறைவுற்றபோது அந்தப் பெயரும் மறைந்தது.

அங்கிருந்த பல்லாயிரம் ஊழியர்களுக்குக் குற்றத்தில் பங்கில்லை. அவமானத்தில் மட்டும் பங்கு கிடைத்தது. ‘இனி யாருக்காக உழைப்பது?’ என்ற கேள்வி அவர்கள் உள்ளத்தில் எழுந்திருந்தால் அது இயல்பே. ஆயினும் வாடிக்கையாளரின் கணினிகள் அன்றும் இயங்கியாக வேண்டியிருந்தது. கணக்கேடு பொய்த்த பின்னர் அந்நிறுவனத்தில் வாங்குவதற்குரியதாய் எஞ்சியது எது? ஊழியர்களின் திறமையும், அதனை நம்பியிருந்த வாடிக்கையாளரின் உறவுமே அன்றோ!

ஆகவே, விசுவாசம் முதலாளியின் பெயருக்கு உரியதன்று. பணிக்கும் அப்பணியால் பயன்பெறுவோர்க்கும் உரியது. கர்ம யோகத்தின் கருத்தும் இதுவே.

இக்கருத்தை முதலாளிகள் தங்களுக்குச் சாதகமாக்கிக் கொள்ளலாகாதா? ஆகும். அதே 2009-இல் ஆயிரக்கணக்கானோர் குறைந்த ஊதியத்துடன் காத்திருப்போர் பட்டியலில் வைக்கப்பட்டனர். அடுப்பெரியுமா என்று அஞ்சி நிற்பவரிடம் ‘பற்றற்றிரு’ என்று கூறுவது தர்மமாகாது. பற்றின்மை ஒருவர் தமக்குத் தாமே மேற்கொள்ளும் ஒழுக்கம். பிறர்மீது சுமத்தும் கட்டளையன்று. நிறுவனத்தை வாங்குபவர் அதிலுள்ள குடும்பங்களின் பொறுப்பையும் சேர்த்தே ஏற்கிறார்.

மேலும், கர்ம யோகம் கண்மூடிக் கீழ்ப்படிதலும் அன்று. பொய்யான எண்ணை எழுதச் சொன்னால், பழைய முதலாளியாயினும் புதியவராயினும் மறுப்பதே அங்கு செய்யவேண்டிய கர்மம்.

வாயிலில் எவர் பெயர் இருக்க வேண்டும் என்பதைப் பங்குச் சந்தை தீர்மானிக்கட்டும். இன்று என் கையால் நடந்த பணி வாய்மையானதா என்பதை நாமே தீர்மானிக்கிறோம். அந்த உரிமையை எவரும் விலைக்கு வாங்க இயலாது, நாமாக விற்றாலொழிய.