கரும்புக் கட்டும் கையெழுத்தும்

போகிக்கு இரண்டு நாள் இருக்கும்போதே விழுப்புரம் பேருந்து நிலையத்தில் கரும்பு பஸ் ஏறத் தொடங்கிவிடும். செஞ்சி வண்டியிலும் திருக்கோவிலூர் வண்டியிலும் பின்படிக்கட்டுக்கு வெளியே தோகை நீட்டிக்கொண்டிருக்கும். “இதுக்கு லக்கேஜ் போடணும்” என்பார் நடத்துனர். “தங்கச்சிக்கு வரிசை எடுத்துனு போறங்க, வருசத்துல ஒரு நாளு” என்பார் கரும்புக்காரர். பெரும்பாலும் டிக்கெட் கிழிபடுவதில்லை. நடத்துனருக்கும் எங்காவது ஒரு தங்கை இருப்பாள்.

பொங்கல் வரிசை என்பது பிறந்த வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் போவது. பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, வாழைப்பழம், பரங்கிக்காய், ஒரு கட்டுக் கரும்பு, புடவை, மாப்பிள்ளைக்கு வேட்டி, கையில் கொஞ்சம் காசு. தலைப்பொங்கல் என்றால் பாத்திரமும் சேரும். சாலையகரத்திலும் ராகவன்பேட்டையிலும் குயவர்கள் வனைந்த பானை ஒன்றும் சில வீடுகளில் கூடவே போகும். அப்பா இருக்கும்வரை அப்பா கொண்டுபோவார். அவருக்குப் பிறகு அண்ணன் தம்பி, அவர்களுக்குப் பிறகு அவர்கள் பிள்ளைகள். அறுபத்தைந்து வயதுத் தங்கை வீட்டுத் திண்ணையில் எழுபது வயது அண்ணன் கரும்பை இறக்கிவைத்துவிட்டு மோர் குடிக்கும் காட்சியை இந்த மாவட்டத்தில் தேடிப் போகவேண்டியதில்லை.

ஐந்து திசையிலிருந்து தண்டவாளம் வந்து சேரும் சந்திப்பு விழுப்புரம். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று எந்தப் பக்கம் போன பிள்ளையும் இந்த நடைமேடையில் இறங்கித்தான் ஊருக்குப் போகவேண்டும். கிளாம்பாக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குத் திண்டிவனம் அதே வேலையைச் செய்கிறது. செஞ்சிக்கு ஒரு சாலை, புதுச்சேரிக்கு ஒரு சாலை, மரக்காணத்துக்கு ஒன்று, வந்தவாசிக்கு ஒன்று. பையும் குழந்தையுமாக அங்கே இறங்கி நிற்கும் இளம் தம்பதிகளில் பலருக்கு அந்த இடத்தில்தான் முதல் வாக்குவாதம். முதலில் யார் வீடு? மாட்டுப் பொங்கலுக்கு யார் வீடு?

ஊர் போய்ச் சேர்ந்துவிட்டால் எல்லாம் கரைந்துவிடும். வேர்க்கடலையை மல்லாட்டை என்று சொல்லும் சீமை இது. டி.எம்.வி. என்று தொடங்கும் கடலை ரகங்களுக்கு அந்த எழுத்துகளைத் தந்ததே திண்டிவனம்தான். எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. அவித்த மல்லாட்டை ஒரு முறம் நடுவில் வந்துவிட்டால் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாரும் பத்து வயதுக்குத் திரும்பிவிடுவார்கள். காணும் பொங்கலன்று பிள்ளைகளைச் செஞ்சிக் கோட்டைக்கு அனுப்பிவிட்டுப் பெரியவர்கள் கூடத்தில் படுத்துக்கொண்டு பழங்கதை பேசுவார்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்காகவே சுங்கச்சாவடி நெரிசலைத் தாங்கி வரலாம்.

ஆனால் அதே கூடத்தில்தான் அந்தப் பேச்சும் எழும்.

சங்கடங்களில் சில்லறையானவை பல. ஓரகத்திக்கு வந்த புடவை பட்டு, தனக்கு வந்தது பூனம் என்ற வருத்தம். மாமியார் எண்ணாததுபோல் எண்ணிப் பார்க்கும் கரும்பு. வரிசைக்காக அடகுக்குப் போன அண்ணி காதுத் தோடு. இவை ஆண்டுதோறும் வந்து, தை பத்துக்குள் மறந்துபோகிறவை. மறக்காத ஒன்று உண்டு. “எல்லாரும் வந்திருக்கும்போதே அந்தக் கையெழுத்த முடிச்சிடலாம்” என்று அண்ணன் மெல்ல ஆரம்பிப்பது. அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருக்கும் நிலத்தில் தங்கைக்கு உள்ள பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். தை பிறந்துவிட்டது, நாள் நன்றாக இருக்கிறது, சார்பதிவாளர் அலுவலகம் பக்கத்தில். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அக்கா தங்கைகள் ஒரே நேரத்தில் ஊரில் இருப்பது இப்போதுதான்.

இது முன்பு இவ்வளவு அவசரப் பேச்சாக இருந்ததில்லை. மானாவாரிக் கடலைக் காட்டுக்கு யார் பங்கு கேட்பார்கள்? நான்குவழிச் சாலை வந்தது, பெலாக்குப்பத்தில் சிப்காட் வந்தது, விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூருக்கு அகலச் சாலை கிளம்பியது. சாலையோரக் கொல்லையெல்லாம் மனைக்கல் நட்ட வண்ணக்கொடித் தோட்டம் ஆயிற்று. விற்கவோ, அரசின் இழப்பீட்டை வாங்கவோ போனால் வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லாப் பெயரும் கையெழுத்திட வேண்டும். இருபது ஆண்டாகக் கரும்பு மட்டுமே வாங்கிக்கொண்டிருந்த தங்கையின் பெயர் அப்போதுதான் காகிதத்தில் முளைக்கிறது.

சட்டம் இந்தப் பெயரை எழுதிக்கொள்ளப் பல ஆண்டு எடுத்துக்கொண்டது. திண்டிவனத்திலிருந்து அதே நான்குவழிச் சாலையில் வடக்கே போனால் செங்கல்பட்டு. 1929 பிப்ரவரியில் அங்கே கூடிய சுயமரியாதை இயக்க முதல் மாகாண மாநாடு பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1956இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் தகப்பனின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு தந்தது; பூர்விகச் சொத்தில் மகனைப்போல் பிறப்புரிமை தரவில்லை. போதாக்குறைக்கு 23ஆம் பிரிவு என்று ஒன்று: குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ளத் தீர்மானிக்கும்வரை பெண் வாரிசு பிரிக்கச் சொல்லிக் கேட்கமுடியாது. கட்டிக்கொடுத்த மகள் பிறந்த வீட்டில் விருந்தாளி என்பதைச் சட்டமே எழுதிவைத்திருந்தது என்று இதைப் படிக்கலாம்.

செங்கல்பட்டுத் தீர்மானத்துக்குச் சரியாக 60 ஆண்டு கழித்துத் தமிழ்நாடு பூர்விகச் சொத்திலும் மகளுக்குச் சம உரிமை கொடுத்தது. 1989 மார்ச் 25 முதல் நடைமுறை. அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு இல்லை. ஆக, 1987இல் கட்டிக்கொடுத்த அக்காவுக்குப் பங்கில்லை, 1991இல் கட்டிக்கொடுத்த தங்கைக்கு உண்டு என்று ஒரே வயிற்றுப் பிள்ளைகளுக்குள் விசித்திரமான கோடு விழுந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நடப்புக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்தக் கோட்டையும் 23ஆம் பிரிவையும் நீக்கியது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, அந்த நாளில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் சொன்னது.

கேள்வி இப்போது சட்டத்தைப் பற்றியதில்லை. சட்டம் கொடுத்ததைக் கேட்பது முறையா என்பதுதான் கூடத்தில் எழும் கேள்வி. வரிசை வாங்குகிறவள் பங்கும் கேட்கலாமா?

அண்ணன் பக்கத்து நியாயத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஊரில் தங்கியவன் அவன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தவன் அவன். தங்கை கல்யாணக் கடனைக் கட்டியவனும் அவனாகவே இருக்கலாம். நிலம் என்பது அவனுக்கு லாபத்தைவிட நஷ்டத்தையே அதிகம் கொடுத்திருக்கிறது. 2024 டிசம்பர் முதல் நாள் ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. தென்பெண்ணை கரை புரண்டது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டி ரயில்கள் நின்றன. அடுத்த ஆறே வாரத்தில் பொங்கல். பயிர் அழுகிய வயலின் சொந்தக்காரன் அந்த ஆண்டும் தங்கை வீட்டுக்குக் கரும்பு தூக்கியிருப்பான். இவ்வளவும் பட்டவனிடம், ஒருநாளும் களை பறிக்காத தங்கை சாலையோரம் விலை ஏறியதும் பங்குக்கு வருவது அறமா?

இதில் பாதி கனமான வாதம், பாதி இல்லை. பெற்றோரைப் பார்த்துக்கொண்டதற்கு மதிப்பு உண்டு. அந்த மதிப்பைக் கூடத்தில் எல்லார் முன்னாலும் வைத்து, இவ்வளவு செலவு, இவ்வளவு உழைப்பு, ஆகையால் எனக்கு இவ்வளவு கூடுதல் என்று கேட்கலாம். கேட்கிற கணக்கு அது. கேட்காமல் முழு நிலத்தையும் அதற்கு ஈடாக எழுதிக்கொள்வது வேறு காரியம். கல்யாணத்தில் போட்ட நகையிலேயே பங்கு தீர்ந்துவிட்டது என்பதும் அப்படித்தான். அந்த நகையில் பெரும்பகுதி மாப்பிள்ளை வீட்டாரின் கௌரவத்துக்குப் போடப்பட்டது. எத்தனை பெண்கள் கையில் அது தங்கியது, எத்தனை அடகுக் கடைகளில் தங்கியது என்பது எல்லாருக்கும் தெரியும்.

தங்கை பக்கத்திலும் கறை உண்டு. பங்கு கேட்கும் குரல் சில வீடுகளில் அவளுடையதே இல்லை. புருஷன் தொழிலுக்கு முதல் வேண்டும், மாமனார் மனை வாங்கவேண்டும், அதற்குத் தங்கையின் வாய். இன்னொன்றும் உண்டு. பிறந்த வீட்டில் பங்கு நியாயம் என்று கண் கலங்கும் அதே பெண், நாத்தனார் வந்து அதையே கேட்டால் “கட்டிக்கொடுத்தாச்சு, சீர் செஞ்சாச்சு, இன்னும் இன்னா?” என்கிறாள். பாதி வீடுகளில் அண்ணி என்பவள் இன்னொரு வீட்டின் தங்கை. இரண்டு இடத்திலும் அவள் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறாளா என்று பார்ப்பது நல்ல சோதனை.

பெரும்பாலான தங்கைகள் கேட்பதே இல்லை என்பதுதான் நடைமுறை. “பங்கு வாங்கிட்டா அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுனு பொறந்த வூட்டுக்குப் போறது?” என்பது இந்தப் பக்கத்தில் எல்லா ஊரிலும் கேட்கக்கூடிய வசனம். தெற்காசியப் பெண்களின் நில உரிமை பற்றி 1994இல் நூல் எழுதிய பொருளியலாளர் பினா அகர்வால் இதைத்தான் விரித்துக் காட்டினார்: வாழ்க்கை முறிந்தால் போய் நிற்க ஒரு வாசல் வேண்டும், அந்த வாசல் அண்ணன் தம்பியுடையது, அதைத் திறந்துவைக்கப் பெண்கள் நிலத்தை விட்டுத்தருகிறார்கள். அப்படிப் பார்த்தால் பொங்கலுக்கு வந்து போகும் உரிமையைத் தங்கை ஏக்கர் கணக்கில் விலைகொடுத்து வாங்குகிறாள். ஆண்டுக்கு ஒரு கட்டுக் கரும்பு அதற்கான ரசீது.

கடுமையான வார்த்தை இது. எல்லா அண்ணனுக்கும் பொருந்தாது. வரிசையில் பாசம் இருக்கிறது என்பதை அந்தக் கரும்பைத் தோளில் சுமந்து வருகிறவன் முகத்தைப் பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள். ஆனால் பாசமாக இருப்பதால்தானே அதை எதற்கும் ஈடாக வைக்கக்கூடாது? தங்கை கையெழுத்துப் போட மறுத்தாள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தையில் கரும்பு வருமா? வரும் என்றால் அது வரிசை. வராது என்றால் இத்தனை ஆண்டும் வந்தது என்ன என்று அண்ணனேதான் யோசிக்கவேண்டும்.

பங்கு கேட்கக் கூசும் இந்தத் தயக்கத்துக்கு நேர் எதிரான ஒன்று ரேஷன் கடையில் நடக்கிறது. பொங்கல் தொகுப்பு அரசு விரும்பிக் கொடுப்பது. 2021இல் 2,500 ரூபாய் கொடுத்தார்கள், 2023இலும் 2024இலும் 1,000, 2025இல் அரிசி, சர்க்கரை, முழுக்கரும்போடு சரி, ரொக்கம் இல்லை. அந்த ஆண்டு எழுந்த முணுமுணுப்பில் கூச்சம் ஏதும் இல்லை, உரிமையோடுதான் கேட்டார்கள். யாரும் சட்டம் போட்டுத் தராத பணத்தை வரிசையில் நின்று உரக்கக் கேட்கும் அதே பெண், சட்டம் போட்டுத் தந்த நிலத்தைப் பற்றி அண்ணனிடம் வாய் திறக்க வெட்கப்படுகிறாள். கேட்பதில் அறப்பிழை இருக்கிறது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

விட்டுக்கொடுப்பதே தவறு என்று இதற்கு அர்த்தமாகாது. அரசு வேலையில் இருக்கும் தங்கை, முக்கால் ஏக்கரில் காலம் தள்ளும் அண்ணனுக்குத் தன் பங்கை எழுதிக்கொடுப்பது அழகான காரியம். அதற்கு இரண்டு விஷயம் வேண்டும்: விடுவது எவ்வளவு என்று அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும், விடாவிட்டாலும் எதுவும் ஆகாது என்ற தைரியம் இருக்கவேண்டும். சர்வே எண்ணோ பரப்போ வழிகாட்டி மதிப்போ தெரியாமல், பண்டிகைக்கு வந்த இடத்தில், வண்டிக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில், பெருவிரல் மையைத் துடைத்துக்கொண்டு வருவதைக் கொடை என்று சொல்வதற்கில்லை. குடும்பத்துக்குள் எழுதும் பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கும் விடுதலைப் பத்திரத்துக்கும் முத்திரைத் தீர்வைச் சலுகை ஒன்றுதான். செலவைக் காரணம் காட்டவும் வழியில்லை.

இத்தனை பேச்சிலும் ஒருவரை யாரும் கேட்பதில்லை. அடுப்படியில் வடை தட்டிக்கொண்டிருக்கும் அம்மா. கணவரின் சொந்தச் சொத்தில், உயில் இல்லையென்றால், பிள்ளைகளுக்குச் சமமான ஒரு பங்கு அவருடையது. பத்திரத்தில் அவர் கையெழுத்தும் வேண்டும். “அம்மா எங்க சொன்னாலும் போடும்” என்று அவரைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுகிறார்கள், பங்கு கேட்கும் தங்கை உட்பட. அம்மாவின் கவலையோ தன் பங்கு பற்றியதே இல்லை. இந்தப் பேச்சு முற்றினால் அடுத்த பொங்கலுக்கு யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்பதுதான். அவர் வாழ்ந்த காலத்தில் பெண் பங்கு கேட்டு உறவு தழைத்த வீடு ஒன்றையும் பார்த்ததில்லை என்றால், அந்தப் பயத்தைக் கேலி செய்யவும் முடியாது. கேரளத்துச் சிரியன் கிறித்தவப் பெண்களுக்குச் சமபங்கு பெற்றுத்தந்த 1986ஆம் ஆண்டுத் தீர்ப்பில் மேரி ராய் வழக்காடியது சொந்தச் சகோதரரோடுதான். பங்குக்கு உறவைக் கொடுக்க நேரலாம். ஆனால் அந்த விலையை வைப்பது கேட்பவளா, கொடுக்க மறுப்பவனா?

தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா. பிடாகம், பேரங்கியூர், சின்னக்கள்ளிப்பட்டு என்று தென்பெண்ணைக் கரை நெடுக ஊர்ச் சாமிகள் தீர்த்தவாரிக்கு இறங்குகின்றன. பின்னாலேயே ஊரும் இறங்குகிறது. மணலில் துணி விரித்து, மற்ற நாளில் கண்ணில் படாத சுருளிக் கிழங்கை வாங்கி உரித்துத் தின்கிறார்கள். அண்ணன் பிள்ளையும் தங்கை பிள்ளையும் ராட்டினத்துக்கு அடம்பிடிக்கிறார்கள். நாளை எல்லாரும் சென்னைக்கும் பெங்களூருக்கும் திரும்பவேண்டும். போகியிலிருந்து தள்ளிப்போன பேச்சு அந்த மணலிலும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அண்ணன் சட்டைப்பையில் மடித்த நகல் ஒன்று, தங்கையின் மடியில் அவன் வாங்கிக்கொடுத்த கிழங்குப் பொட்டலம். யார் முதலில் ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு பேரும் பாலத்தைப் பார்க்கிறார்கள். மேலே சென்னை போகும் வண்டிகள் விளக்குப் போட்டுக்கொண்டு வரிசையாக நகர்கின்றன.