பொன் விளிம்பும் பூட்டிய பேழையும்

நண்பர் ஒருவர் இல்லத்திலே நூற்பேழை ஒன்று கண்டேன். கண்ணாடிக் கதவு, பித்தளைப் பூட்டு. உள்ளே திருக்குறள் மட்டும் ஏழு பதிப்புகள்! பட்டுத் துணி போர்த்தியது ஒன்று, தோல் அட்டையிட்டது ஒன்று, தாளின் விளிம்பெல்லாம் பொன் பூசியது ஒன்று. சிலம்பும் இருந்தது, மணிமேகலையும் இருந்தது. "இவற்றுள் எவருடைய உரை உமக்குப் பிடிக்கும்?" என்று கேட்டேன். "பிரித்தால் முதுகு மடிந்துவிடுமே, ஐயா!" என்றார் நண்பர்.

எனக்கு நகைப்பு வந்தது. அந்த நகைப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்வேன்.

கலைமகள் விழா நாளிலே வீடுகளில் என்ன நடக்கிறது? ஏடுகளை அடுக்குகிறார்கள், சந்தனம் தடவுகிறார்கள், குங்குமம் இடுகிறார்கள், பிறகு, இன்று எவரும் படிக்கலாகாது என்கிறார்கள்! அறிவைப் போற்றும் நாளிலே அறிவுக்கு விடுமுறை! இதைக் கண்டு நாம் எள்ளி நகையாடுகிறோம். ஆனால், அது ஆண்டுக்கு ஒரு நாள் கூத்து. பேழையைப் பூட்டிச் சாவியை இடுப்பிலே செருகிக்கொண்ட அன்பருக்கோ, ஆண்டு முழுதும் அந்த விழாதான்.

வழிபாடு வளர்ந்து வாசிப்பு மாண்ட கதை நம் நாட்டுக்குப் புதியதா? கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழஞ்சுவடிகளைத் தேடிச் சென்ற உ.வே. சாமிநாதையர், அவை நெய்யில் தோய்த்துத் தீயில் இடப்பட்டன என்று கேட்டு நெஞ்சம் பதைத்ததை எழுதியிருக்கிறார். வெறுப்பினால் எரித்தார்களா? இல்லை, தோழர்களே! பழுதுற்ற ஏட்டை அப்படித்தான் செய்ய வேண்டும் என்பது சாத்திரமாம். பக்தியோடு எரித்தார்கள். அந்த ஏடுகளிலே என்னென்ன நூல்கள் இருந்தனவோ, யார் அறிவார்?

அப்படியானால் அழகு குற்றவாளியா? சில தோழர்கள் அப்படித்தான் தீர்ப்பளிக்கிறார்கள். கருத்து இருந்தால் போதும், கந்தல் தாளே மேல் என்கிறார்கள். நான் உடன்படவில்லை. உழைப்பவன் வீட்டுச் சோறு மட்டும் ஏன் ஓட்டைத் தட்டில் இருக்க வேண்டும்? மங்கிய எழுத்தும், மறுபக்கம் தெரியும் தாளும், முதல் மழைக்கே பிரியும் கட்டும் ஏழைக்கு என்றே எவன் விதித்தான்?

இங்கிலாந்திலே வில்லியம் மாரிஸ் என்றொருவர் வாழ்ந்தார். கவிஞர், கைவினைஞர், தெருமுனையிலே நின்று சமதர்மம் பேசியவர். 1891இல் இலண்டனில் கெல்ம்ஸ்காட் அச்சகத்தைத் தொடங்கினார். எழுத்துருவைத் தாமே வரைந்தார்; கையால் செய்த தாளிலே, கையால் இயக்கும் பொறியிலே அச்சிட்டார். 1896இல் அவர் வெளியிட்ட சாசர் நூல் இன்றும் அச்சுக்கலையின் சிகரம் என்று போற்றப்படுகிறது. 87 மரச்செதுக்கு ஓவியங்கள். தாளில் 425 படிகள். தோலில் 13 படிகள். தாள் படியின் விலை 20 பவுன். அந்நாளைய உழவுத் தொழிலாளிக்கு அது பல மாதக் கூலி! சமதர்மம் பேசியவர் செய்த நூல், சீமான்களின் மாளிகைக்குச் சென்று சேர்ந்தது. முரண்பாடுதான், மறைப்பானேன்? ஆயினும் அந்த மாரிசே தாம் எழுதிய பொன்னுலகக் கதையை 1891இல் மலிவுப் பதிப்பாகவும் உலவவிட்டார், அடுத்த ஆண்டு அழகுப் பதிப்பாகவும் அச்சிட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்த முரண்பாட்டை ஓரளவு அவிழ்த்தவர் வேறொருவர். டெண்ட் என்பவர், புத்தகம் கட்டும் தொழில் பழகி, பதிப்பாளராக உயர்ந்தவர். 1906இல் எவ்ரிமேன்ஸ் லைப்ரரி வரிசையைத் தொடங்கினார். மாரிசின் பாணியிலே பூங்கொடி படர்ந்த முகப்பேடு, முதுகிலே பொன் வேலைப்பாடு, விலை ஒரே ஒரு சில்லிங்! ஆயிரம் நூல்கள் என்பது அவர் குறிக்கோள். அவர் மறைந்து முப்பது ஆண்டுகள் ஆன பின், 1956இல், அந்த எண்ணிக்கை நிறைவேறியது. அழகு ஒரு சிலருக்கே என்ற வாதத்துக்கு அதைவிட வேறு மறுப்பு வேண்டுமா?

இனி, என் நகைப்பு மறைந்த கதைக்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு நானும் ஒரு குறள் பதிப்பு வாங்கினேன். துணி அட்டை, தடித்த தாள், கண்ணுக்கு இதமான எழுத்து. ஆசிரியன் சம்பளத்துக்குச் சற்று மிகையான விலை. பள்ளியிலே என் மேசைமீது அது இருந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், காலையில் செங்கற்சூளையிலே தந்தைக்கு உதவிவிட்டு வருபவன், அதைப் பார்த்துக் கை நீட்டினான். என் வாய் என்ன சொல்லிற்று தெரியுமா? "கையைக் கழுவிக்கொண்டு வா!"

சென்றான், கழுவினான், வந்தான். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டி, "இப்போது தொடலாமா, ஐயா?" என்றான்.

தூய கையால் நூலைத் தொடுவது நல்ல பழக்கந்தானே என்று நீங்கள் கூறலாம். நானும் அன்றிரவு அப்படித்தான் எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். வாதம் நிற்கவில்லை. அதே மேசையிலே கிடந்த பாடநூலை நாள்தோறும் அதே கையால் எடுத்தவன் அவன். ஒருநாளும் நான் கழுவச் சொன்னதில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை முந்தைய நாள் இதே குறளைப் புரட்டினான். அவன் கையை நான் பார்க்கவே இல்லை. தீட்டு என்ற சொல்லைத் திட்டித் தீர்க்கும் என் நாவிலே, வேறு சொல்லில் அது ஒளிந்திருந்தது. நண்பரின் பேழைக்காவது பூட்டு வெளியே தெரிந்தது.

மறுநாள் அவனை அழைத்து நூலைக் கொடுத்தேன். "வீட்டுக்கு எடுத்துப் போ" என்றேன். நம்பாமல் நின்றான். பிறகு வாங்கிச் சட்டைக்குள்ளே வைத்துக்கொண்டு ஓடினான். மூன்று வாரம் கழித்துத் திருப்பித் தந்தபோது, ஈகை அதிகாரத்தின் ஓரத்திலே செம்மண் நிறத்தில் ஒரு கட்டைவிரல் தடம் பதிந்திருந்தது. அங்கே நெடுநேரம் நின்று படித்திருக்கிறான் போலும். "முயலாதவனுக்கும் கொடுக்க வேண்டுமா, ஐயா?" என்று கேட்டான். அதுபற்றி நாங்கள் இருவரும் ஒரு மணி நேரம் வழக்காடினோம், முடிவு காணவில்லை.

அந்த நூல் இப்போது என்னிடம் இல்லை. அவன் கொடுத்து, இன்னொருவன் வாங்கி, பத்தாம் வகுப்பிலே எவரிடமோ இருக்கிறது. முதுகு மடிந்துவிட்டது என்று கேள்வி.