குத்தகைப் பத்திரத்தில் இல்லாத பெயர்கள்

கர்நாடகத்தின் துமகூரு மாவட்டத்தில், மூன்று பக்கமும் ஆந்திரம் சூழ்ந்த வறண்ட தாலுகா பாவகடா. மழை பொய்ப்பது அங்கே புதிதல்ல. அந்த மண்ணில், ஐந்து ஊர்களின் ஏறத்தாழ 13,000 ஏக்கரில், 2,050 மெகாவாட் சூரிய மின்பூங்கா 2019 இறுதியில் முழுமை பெற்றது. நிலத்தை யாரும் பறிக்கவில்லை. விவசாயிகளிடம் குத்தகைக்கு எடுத்தார்கள்: ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டாண்டுக்கு ஒருமுறை ஐந்து சதவீத உயர்வு. நிலக்கடலை போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக் கொண்டிருந்தவர்களுக்கு இது நிச்சயமான வருமானம். அணைக்கும் சுரங்கத்துக்கும் ஊர் ஊராகக் காலி செய்யவைத்த நாட்டில், பட்டாவை உரியவரிடமே விட்டுவைத்த இந்த ஏற்பாடு பாராட்டத்தக்கது.

ஆனால் ஒரு கடலைக்காட்டை நம்பிப் பிழைப்பவர் பட்டாதாரர் மட்டுமல்ல. களை எடுக்க, செடி பிடுங்க, காய் ஆய என்று பருவத்துக்குப் பருவம் கூலிக்குப் போனவர்கள் இருந்தார்கள். அவர்களில் பெண்களே அதிகம். அறுவடை முடிந்த காட்டில் ஆடு மேய்த்தவர்களும் இருந்தார்கள். குத்தகை கையெழுத்தானதும் ஒருவருக்கு வருமானம் உறுதியானது, மற்றவருக்குப் பிழைப்பு போனது. பூங்காவுக்குள் காவல், புல் வெட்டுதல், தகடு கழுவுதல் என்று சில வேலைகள் வந்தன. கிடைத்தது சிலருக்குத்தான். பலர் கூலி தேடி பெங்களூருவுக்குப் போனார்கள்.

இதில் சட்டத்தின் இடைவெளி ஒன்றும் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம், நிலமில்லாத விவசாயக் கூலிகளையும் வாரக் குத்தகைதாரர்களையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்றே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அந்நிலத்தை நம்பி மூன்றாண்டு வாழ்ந்திருந்தால் போதும், மறுவாழ்வு கேட்கலாம். குத்தகை என்பது நில எடுப்பு அல்லவே! ஆகவே அந்தப் பாதுகாப்பு இங்கே வரவில்லை. உடைமையாளரிடம் கண்ணியமாக நடந்துகொண்ட அதே வழிமுறைதான் உடைமையில்லாதவரைக் கணக்கிலிருந்தே விட்டுவிட்டது. நிலத்தின் சொந்தக்காரர் சம்மதித்துவிட்டார் என்பதற்காக, அந்த நிலத்தால் வாழ்ந்த எல்லோரும் சம்மதித்ததாக ஆகிவிடாது.

இதற்குச் சொல்லப்படும் மறுப்பு வலுவானது. புவி சூடேறினால் முதலில் வாடுவது இதே கூலிக்காரர்தான்; பாவகடா போன்ற வறண்ட தாலுகாக்கள் மேலும் வறளும்; நிலக்கரியை விடுவதில் தாமதம் கூடாது. உண்மைதான். 2025-இல் இந்தியாவின் நிறுவு மின்திறனில் பாதி புதைபடிவ எரிபொருள் சாராததாக ஆனது, பாரிஸ் ஒப்பந்த வாக்குறுதியின் கெடுவுக்கு ஐந்தாண்டு முன்பே. இந்த வேகம் குறையக் கூடாது. ஆனால் இந்த வாதம் மின்பூங்கா ஏன் வேண்டும் என்பதைத்தான் நிறுவுகிறது. அதன் சுமையை ஊரிலேயே ஏழையானவர் ஏன் தனியாகச் சுமக்க வேண்டும் என்பதற்கு அதில் பதில் இல்லை. நாளை உனக்கு நல்லது என்று சொல்லி இன்றைய சோற்றை எடுப்பவர், இன்றைக்கான மாற்றையும் தரக் கடமைப்பட்டவர்.

பணம் பெரிய தடை அல்ல. 2,050 மெகாவாட் பூங்கா தன் முழுத்திறனில் ஐந்தில் ஒரு பங்கே சராசரியாக ஓடினாலும் ஆண்டுக்குச் சுமார் 359 கோடி யூனிட் தரும். யூனிட்டுக்கு ஒரு பைசா ஒதுக்கினால் சுமார் மூன்றரைக் கோடி ரூபாய். மின்கட்டண ரசீதில் அந்த ஒரு பைசா யார் கண்ணிலும் படாது. ஐந்து ஊர்க் கூலிக் குடும்பங்களுக்கு அந்த மூன்றரைக் கோடி பெரிய ஆதரவு.

யாருடைய காட்டில் யார் வேலை செய்தார்கள் என்பது ஊருக்குத் தெரியும். கிராம சபையில் கேட்டால் ஒரே நாளில் பட்டியல் தயாராகும். இனி எழுதப்படும் ஒவ்வொரு குத்தகைப் பத்திரத்திலும் அந்தப் பட்டியல் இணைப்பாக வரவேண்டும். பாவகடாவிலும் காலம் கடந்துவிடவில்லை. குத்தகை இன்னும் பல ஆண்டு ஓடும். பெங்களூருவுக்குப் போனவர்களையும் சேர்த்து அங்கே இப்போதே கணக்கெடுக்கலாம்.