ஆட மறுத்தல் அறமாகுமா?

முலுண்டில் ஞாயிறு வந்தனை முடிந்தபின் இளைஞரொருவர் நம்மை வினவினார்: “சாதியால் தன்னை இழிவுசெய்யும் அணியில் ஒருவன் ஆட மறுப்பது சினத்தின் செயலன்றோ? பொறுமை போதிக்கும் தம்மத்திற்கு அது ஒக்குமா?”

இதற்கு நம் பம்பாய் நகரமே சான்று கூறும். தோல்தொழில் செய்யும் சம்பார் வகுப்பிற் பிறந்த பல்வங்கர் பாலு, புனாவில் வெள்ளையரின் ஆட்டக்களத்தைச் செப்பனிடும் கூலியாளாயிருந்து, பந்துவீச்சில் நிகரற்றவரானார். புனா இந்து அணியார் அவருடைய பந்துவீச்சை விரும்பினர். தேநீரையோ வெளியில் நிறுத்தி மண்குவளையில் அளித்தனர். 1911-இல் இங்கிலாந்து சென்று 114 விக்கெட்டுகள் வீழ்த்திய பின்னும் இந்து அணியின் தலைமை அவருக்கு வாய்க்கவில்லை.

1920-ஆம் ஆண்டுப் போட்டியில் பாலு நீக்கப்பட்டார். தகுதி மிக்க தம்பி விட்டலுக்குத் தலைமை மறுக்கப்பட்டது. விட்டலும் சிவராமும் காரணத்தை வெளிப்படையாகக் கூறி விலகினர். இறுதியாட்டத்தில் பாலு துணைத்தலைவராக்கப்படவே, தம்பியரும் திரும்பினர். 1923-இல் விட்டலே தலைவரானார். அவரது அணி ஐரோப்பியரை வென்றது.

இது சினமா? ஆலையில் உழைத்த நாம் அறிவோம்: கல்லெறிவது வேறு, கைகட்டி நிற்பது வேறு. விநய நூலை நோக்குங்கள். தப்பர் என்னும் பிக்குவின்மீது வட்டன் என்ற லிச்சவி வீண்பழி சுமத்தியபோது, அவன்பால் பிச்சைப் பாத்திரத்தைக் கவிழ்க்கும்படி பகவான் சங்கத்திற்குப் பணித்தார். எவரும் அவனை அடிக்கவில்லை, வையவில்லை. அவன் ஈவதை ஏற்க மறுத்தனர், அவ்வளவே. அவன் பிழையுணர்ந்து வணங்கியதும் பாத்திரம் நிமிர்த்தப்பட்டது. பல்வங்கர் சகோதரர் செய்ததும் பாத்திரம் கவிழ்த்தலே. தீங்கைப் பொறுப்பது பொறுமை; தீங்கிற்குத் துணைநிற்பது பொறுமையாகாது.

“அந்தப் பாலுவே 1937 தேர்தலில் பாபாசாகேப் அம்பேத்கரை எதிர்த்து நின்றவராயிற்றே!” எனச் சிலர் கூறுவர். உண்மையே, நின்றார், தோற்றார். அதனால் 1920-இன் நற்செயல் பொய்யாகுமோ? பிறப்பாலன்று, செயலாலேயே மனிதன் உயர்வான், தாழ்வான் என்பது நம் நெறி. ஒவ்வொரு செயலையும் அதனதன் தகுதியால் அளப்போமாக.

ஆகவே, இளைஞர்களே! மறுக்கும்முன் உம்மையே வினவுங்கள்: நாம் கூறும் காரணம் மெய்யா? பயன் நமக்கு மட்டுமா, நம்மவர் அனைவர்க்குமா? குறை தீர்ந்தால் பகையின்றித் திரும்புவோமா? மூன்றிற்கும் நெஞ்சறிய விடை கூற வல்லவரின் மறுப்பு அறமேயாம்.