மண்டைக்குள் எழுதியிருக்கிறதா?

126 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களை வைத்து அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எமிலி ஃபின்னும் சகாக்களும் செய்த ஆய்வு 2015-ல் வெளியானது. மூளையின் எந்தப் பகுதி எதனோடு சேர்ந்து இயங்குகிறது என்ற வரைபடம், கைரேகை மாதிரி ஆளுக்கு ஆள் வேறாக இருந்தது. சும்மா படுத்திருந்தபோது இரண்டு நாட்களில் எடுத்த படங்களை ஒப்பிட்டு, இது இன்னார் மூளை என்று பத்தில் ஒன்பது முறைக்கு மேல் சரியாகச் சொல்ல முடிந்தது. புதிர்களை அவிழ்க்கும் திறனுக்கான தேர்வில் அவருடைய மதிப்பெண்ணைக்கூட ஓரளவு கணிக்க முடிந்தது.

அப்படியானால், ஒருவரால் எவ்வளவு முடியும் என்பது முன்பே எழுதப்பட்டுவிட்டதா? விதி, கர்மம், இறைவனின் முன்தீர்மானம் என்று மதங்கள் காலங்காலமாக மல்லுக்கட்டிய கேள்வி இது. ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்த வள்ளுவர் ஆள்வினையுடைமைக்கும் ஒன்று வைத்தார். ஸ்கேன் கருவி வந்து அந்த வழக்கைத் தீர்த்துவிடவில்லை.

லண்டன் டாக்சி ஓட்டுநர்களைப் பார்க்கலாம். உரிமம் வாங்க சுமார் 25,000 தெருக்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும். அதற்கே மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். கேத்தரின் வுல்லட்டும் எலினார் மக்வயரும் 79 பேரைப் பயிற்சியின் தொடக்கத்திலேயே படமெடுத்தார்கள். தேறியவர்கள் 39 பேர். இடங்களை நினைவில் வைக்க உதவும் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி அவர்களுக்கு வளர்ந்திருந்தது, தேறாதவர்களுக்கு வளரவில்லை. 2011-ல் வந்த அந்த ஆய்வில் நெஞ்சைத் தொடுவது வேறொரு செய்தி: முதல் நாள் படங்களில் இரு தரப்புக்கும் வித்தியாசமே தெரியவில்லை. யார் தேறுவார் என்று அன்று எந்தப் படமும் சொல்லியிருக்காது.

2022-ல் யேலிலிருந்தே இன்னொரு ஆய்வு வந்தது. அபிகெயில் கிரீன் குழு, மூளைப் படத்தை வைத்துக் கணினி செய்யும் கணிப்பு யாரிடம் பொய்க்கிறது என்று தேடியது. அது கண்டபடி பொய்க்கவில்லை; குறிப்பிட்ட சிலரிடமே திரும்பத் திரும்பப் பொய்த்தது. இன்ன பின்னணிக்காரர் இவ்வளவு மதிப்பெண்தான் எடுப்பார் என்ற பொதுப்போக்கை மீறியவர்கள் அவர்கள். ஆக, கணினி கற்றுக்கொண்டது அறிவுத்திறனோடு சமூகப் பின்னணியும் கலந்த ஒரு வார்ப்பு. வசதியற்ற வீட்டிலிருந்து முந்தி வரும் பிள்ளையைத்தான் அப்படிப்பட்ட வார்ப்பு தவறவிடும். அந்தப் பிள்ளையை அடையாளம் காண உதவாத கணிப்பால் யாருக்கு என்ன பயன்?

அதே ஆண்டு, ஏறத்தாழ 50,000 பேரின் தரவுகளை அலசிய ஸ்காட் மாரெக் குழு, மூளைக்கும் திறனுக்கும் இடையிலான இத்தகைய தொடர்புகளை நம்பகமாக நிறுவ ஆயிரக்கணக்கானோர் தேவை என்று காட்டியது. மூளைப் பட ஆய்வுகளில் வழக்கமாகச் சேர்க்கப்பட்டவர்கள் 25 பேர் அளவில்தான்.

இத்தனை பேரைக் கூட்டி அறியும் உண்மை, தனி ஒருவர்மீது தீர்ப்பாக முடியாது. மூளையைப் புரிந்துகொள்ளவும் நோயை ஆராயவும் இந்த முயற்சிகள் தொடரட்டும். ஒரு பிள்ளைக்கு எந்தப் படிப்பு, எந்த வேலை என்று முடிவுசெய்ய எந்தப் பள்ளியும் நிறுவனமும் மூளைப் படம் கேட்கக் கூடாது. கேட்டால் பெற்றோர் கொடுக்கவும் கூடாது.