கண்ணாடித் தொட்டியில் கடல்: கற்பவனுக்காக விலை கொடுப்பது யார்?

‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்றொரு பழமொழி நம்மிடையே வழங்கி வருகிறது. அது திரிந்த வழக்கு என்றும், ‘ஆயிரம் வேரைக் கண்டவன் அரை வைத்தியன்’ என்பதே ஆதி வாக்கு என்றும் சொல்வோர் உண்டு. எது மூலம், எது திரிபு என்ற வழக்கைப் புலவர்களிடமே விட்டுவிடுவோம். ஒரு கலையைக் கற்க இரண்டு பாதைகள் உண்டு என்பதை இவ்விரு வாக்குகளும் சேர்ந்து நமக்கு உணர்த்துகின்றன. பிற உயிர்களின் மேல் சோதித்துச் சோதித்துக் கற்பது ஒரு பாதை. கையை வைப்பதற்கு முன்பே வேரைத் தேடிச் சென்று கற்பது மற்றொரு பாதை.

தையல் பழகுபவன் துணியைக் கெடுக்கிறான். பரோட்டா போடப் பழகுபவன் மாவைக் கெடுக்கிறான். முதலாளி முணுமுணுப்பார், ஆனால் அதைப் பாவம் என்று எவரும் சொல்வதில்லை. கற்பவனுடைய பிழைக்குத் துணியும் மாவும் விலையாகிப் போகின்றன, அவ்வளவுதான். ஆனால் விலையாகப் போவது ஓர் உயிராக இருந்தால் என்ன சொல்வது? வைத்தியம் கற்பவனுக்குப் பரீட்சை உண்டு. வாகனம் ஓட்டக் கற்பவனுக்கு அனுமதிச் சீட்டு உண்டு. எந்தப் பரீட்சையும் இன்றி, பக்கத்தில் நின்று தடுக்கும் ஆசிரியரும் இன்றி, பணம் ஒன்றை மட்டும் கொண்டு பல உயிர்களுக்கு ஒருவன் அதிபதியாகிவிடும் இடமும் உண்டு. நம் வீட்டு முன்கூடத்தில் வைக்கும் மீன் தொட்டிதான் அது. அதிலும் கடல் நீரும் பவளமும் நிறைந்த தொட்டியைப் பற்றியே இங்கே சிந்திக்க விரும்புகிறோம்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபட்டோர் பலர். அவர்கள் எப்படி இதில் நுழைந்தார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் கண் வழியாகவே நுழைந்தார்கள் என்று தெரியவரும். பல் வைத்தியரின் கூடத்திலோ, ஓர் உணவகத்திலோ, நண்பர் வீட்டிலோ, நீல வெளிச்சத்தில் பவளங்கள் அசைய, ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் கடற்சாமந்திக்குள் ஒளிந்து விளையாடுவதைக் கண்டவர்கள் மனத்தைப் பறிகொடுத்துவிடுகிறார்கள். 2003-ஆம் வருடம் வெளிவந்த சித்திரப் படமொன்றைப் பார்த்த குழந்தையின் நச்சரிப்பால் தொடங்கியோரும் உண்டு. கப்பியும் சண்டை மீனும் வளர்த்துப் பழகிய துணிவில் கடலுக்குத் தாவியோரும் உண்டு. ஆசை பிறப்பதில் குற்றமில்லை. ஆசை பிறந்த நாளுக்கும், மீன் வீட்டுக்கு வந்து சேரும் நாளுக்கும் இடையே என்ன நடக்கிறது என்பதில்தான் நமது கேள்வி அடங்கியிருக்கிறது.

தொட்டிக்குள் நடப்பதைச் சற்று விளக்கமாகச் சொல்வது அவசியம். மீன் தன் செவுள் வழியாக அம்மோனியா என்னும் நச்சை இடைவிடாமல் நீரில் விடுகிறது. எஞ்சிய இரையும் அழுகி அதே நச்சைத் தருகிறது. கடலில் அது கணக்கற்ற நீரில் கரைந்துவிடும். தொட்டியில் அது போக இடமில்லை. அதை மாற்ற வல்லவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களே. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் நச்சுதான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை, அதைவிட மிகக் குறைந்த தீங்குடைய நைட்ரேட்டாக மாற்றுகிறது. இந்நுண்ணுயிர்கள் பாறையிலும் மணலிலும் குடியேறிப் போதிய அளவு பெருகுவதற்குச் சாதாரணமாக 4 முதல் 6 வாரங்கள் பிடிக்கும். பணம் மிகுதியாகச் செலவழித்துச் சிறிது விரைவுபடுத்தலாம். முற்றிலும் தவிர்க்க முடியாது.

ஆக, புதுத் தொட்டி ஒன்று தெளிந்த நீரோடு பளபளவென்று நிற்கும்போதே, உயிர் வாழ அருகதையற்ற இடமாகவும் இருக்கிறது. கண்ணுக்கு ஆயத்தமாகிவிட்டது, மீனுக்கு ஆயத்தமாகவில்லை. இந்த இடைவெளியை அறியாதவர், தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்கி வருகிறார். சில நாட்களில் மீன் மேலே வந்து மூச்சுத் திணறுகிறது, பிறகு மிதக்கிறது. ‘இந்த மீனே இப்படித்தான்’ என்று சொல்லி அவர் இன்னொன்றை வாங்கி வருகிறார்.

அறியாமையால் நிகழ்வது இது. அறிந்தே செய்யப்பட்டதும் ஒன்று உண்டு. புதுத் தொட்டியைப் ‘பழக்குவதற்கு’ டாம்செல் என்னும் சின்னஞ்சிறு மீன்களை முதலில் விடுவது இப்பொழுதுபோக்கில் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. அவை விலை மலிந்தவை, உரம் மிக்கவை, நச்சு நீரைச் சற்றுத் தாங்கும். அவை விடும் கழிவில் பாக்டீரியா பெருகும். அவை பிழைத்தால் சரி. செத்தாலும் நஷ்டம் அதிகமில்லை. அதன் பிறகு விலை உயர்ந்த மீன்கள் சுகமாக வந்து சேரும். மலிந்த உயிரைப் படிக்கல்லாக வைத்து அருமையான உயிரைக் குடியேற்றும் முறை இது.

அன்பர்கள் இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். அதே பாக்டீரியாவை வளர்க்க ஒரு துண்டு இறால் சதையை நீரில் அழுக விட்டாலே போதும். அல்லது சில துளி அம்மோனியாத் திரவத்தை விட்டாலும் போதும். காலமும் ஏறக்குறைய அதே காலந்தான். அப்படியிருந்தும் டாம்செல் மீன்களை விட்டதற்குக் காரணம் யாது? ஒன்றுமில்லாத தொட்டியை ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருக்க நம் கண்ணுக்குப் பொறுமை இல்லை என்பதே. நாம் பொறுக்க வேண்டிய துன்பத்தை அந்த மீனைப் பொறுக்க வைத்தோம்.

‘நாம் தினந்தோறும் மீன் தின்கிறோமே! கறிக்குப் போகும் மீனுக்காக அழாதவர், தொட்டி மீனுக்காக ஏன் அழ வேண்டும்?’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். உணவுக்காகப் பிடிக்கப்படும் மீன் ஒரு தேவையை நிறைவேற்றுகிறது. அவசரத்தால் மடியும் மீன் எவருடைய பசியையும் ஆற்றுவதில்லை, அது வீண். வீண்விரயம் பொருளிலேயே குற்றமென்றால், உயிரில் எவ்வளவு பெரிய குற்றம்! இன்னுமொன்று. உணவு மீனுக்கு நாம் எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை. தொட்டியில் விடும் மீனையோ, ‘உன்னை வாழ வைக்கிறேன்’ என்று சொல்லாமல் சொல்லி அழைத்து வருகிறோம். இரை தேடும் உரிமையையும், ஓடித் தப்பும் உரிமையையும் அதனிடமிருந்து எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு ஈடாக நம் பொறுப்பைக் கொடுக்கிறோம். அது நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதமாக வந்த பொருளை வைத்துத் தொழில் பழகுவதை எந்த நாணயஸ்தனும் ஒப்பமாட்டான்.

‘கடல் பெரிது, ஒரு மீன் போனால் என்ன?’ என்று சொல்வோருக்குச் சரித்திரமே விடை தருகிறது. இங்கிலாந்தில் 1846-ஆம் ஆண்டு அன்னா தைன் என்னும் சீமாட்டி, டார்க்கி கடற்கரையிலிருந்து சில கல் பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்து வளர்த்தார். நீரில் காற்றுக் கலக்க வேண்டி, அதைத் திறந்த சன்னலருகே ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றும் வேலையை ஒரு வேலைக்காரச் சிறுமி செய்தாள். கடலை வீட்டில் வைக்க ஒருவர் ஆசைப்பட்டால் வேறு யாரோ விலை கொடுக்கிறார்கள் என்ற கதை அங்கேயே தொடங்கிவிட்டது. 1853-இல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் மனை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கை நூலறிஞர் கடல் தொட்டி வளர்ப்பதைப் பற்றி அழகிய நூலொன்றை வெளியிட்டார். நாடெங்கும் அந்த மோகம் பற்றிக்கொண்டது. வாளியும் உளியுமாக மக்கள் கடற்கரைக்குத் திரண்டனர். பாறைக் குட்டைகள் வெறுமையாயின. தம் தந்தையின் நூல்களே அந்த அழிவுக்கு வழிகோலின என்றும், அது அவருக்குப் பெரும் மனவேதனையைத் தந்தது என்றும் அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் எழுதினார். ஒவ்வொருவரும் எடுத்தது ஒன்றிரண்டுதான். எல்லாரும் சேர்ந்து எடுத்தது ஒரு கரையோரம்.

நம் பக்கத்துக் கடலிலும் சான்று உண்டு. சுலவேசியை அடுத்த பங்காய் தீவுகளில் கறுப்பும் வெள்ளியுமான ஓர் அழகிய சிறு மீன் வாழ்கிறது. ஆண் மீன் முட்டைகளைத் தன் வாயிலேயே அடைகாத்து, குஞ்சுகளையும் சில நாள் வாயிலேயே வைத்துக் காக்கும். அக்குஞ்சுகள் நீரோட்டத்தில் தொலைதூரம் பரவுவதில்லை. பிறந்த இடத்திலேயே தங்கிவிடும். ஆகவே ஓரிடத்தில் பிடித்துத் தீர்த்துவிட்டால், வேறிடத்திலிருந்து வந்து நிரப்ப ஆளில்லை. 1990-களின் நடுவில் தொட்டி வளர்ப்போரின் கண்ணில் பட்ட அந்த மீன், 2007-இல் அழிவுறும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலில் இடம்பெற்றது.

‘நிலமீட்பினால் சிங்கப்பூரின் பவளப் பாறைகளில் பாதிக்கு மேல் மறைந்துவிட்டன, கடல் சூடேறிப் பவளங்கள் வெளிறுகின்றன, இதற்கு முன்னால் என் தொட்டி எம்மாத்திரம்?’ என்றும் கேட்கலாம். உண்மைதான். பெரிய தீங்குகள் நம் கைக்கு எட்டாமல் இருக்கலாம். அவை சிறிய தீங்குக்கு அனுமதிச் சீட்டாக மாட்டா. நம் கைக்கு எட்டியதற்கே நாம் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

அப்படியானால் கடல் தொட்டியே கூடாதா? அப்படிச் சொல்ல நாம் துணியவில்லை. 1955-இல் திறக்கப்பட்டுப் பின்னர் மூடப்பட்ட ரிவர் வேலி ரோடு வான் கிளீஃப் மீன் காட்சிசாலையில், கண்ணாடிக்கு முன் வாய் பிளந்து நின்ற சிறுவர்கள் இன்று நம்மிடையே முதியவர்களாக இருக்கிறார்கள். கடலுக்கடியில் ஓர் உலகம் உண்டென்பதை அவர்களில் பலர் அங்கேதான் முதலில் கண்டார்கள். காணாததை மனிதன் நேசிப்பதில்லை, நேசியாததைக் காப்பதுமில்லை. பொறுமையோடு வளர்த்தோரால் அறிவும் பெருகியிருக்கிறது. ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், உயிர்கள் ஒட்டிய பாறைகளையும் கடல் நீரையும் காற்றுக் குமிழிகளையும் மட்டுமே கொண்டு பவளங்களை வாழவைத்த முறையை 1961-இல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்புச் சஞ்சிகையில் எழுதினார். வெறும் கருவிகளை நம்பாமல், கடல் தன்னைத் தானே எப்படிச் சுத்தம் செய்துகொள்கிறது என்று உற்றுநோக்கியவர் அவர். வேரைக் கண்டவர் என்று அவரைச் சொல்லலாம். இன்று கோமாளி மீன்கள் தொட்டியிலேயே குஞ்சு பொரித்து விற்கப்படுகின்றன. பங்காய் மீனும் அவ்வாறே வளர்க்கப்படுகிறது. பவளத்தின் ஒரு கிளையைத் துண்டித்து ஒட்டி, புதுப் பவளமாக வளர்த்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்கள். கடலிலிருந்து எடுக்காமலேயே கடலை வீட்டில் காணும் வழி ஓரளவு திறந்திருக்கிறது.

ஆகவே தொடங்க விரும்புகிறவர் எப்படித் தொடங்க வேண்டும்? முதலில் தொட்டியைவிடத் தகவலைத் தேட வேண்டும். சிறு தொட்டி சுலபம் என்பது மயக்கம்; நீர் குறைவாக இருந்தால் உப்பும் சூடும் நச்சும் வெகு விரைவில் ஏறிவிடும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, 25 அல்லது 26 டிகிரி சூடு என்பது பொதுவான கணக்கு. நம் ஊர் வீடுகளில் பகல் சூடு 30 டிகிரியைத் தாண்டும். எனவே நீரைக் குளிர்விக்கும் கருவியும் அதற்குரிய மின்சாரக் கட்டணமும் உண்டென்பதை முன்கூட்டியே கணக்கில் சேர்க்க வேண்டும். பிறகு பாறையையும் மணலையும் நீரையும் மட்டும் வைத்துக் காத்திருக்க வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் ஏறி, பின் இறங்கி, சுழியாகி நிற்கும்வரை ஒரு மீனும் கூடாது.

அதன் பின்னும் எல்லா மீனும் எல்லாருக்கும் உரியதன்று. மயிலைப் போல் வர்ணம் கொண்ட மாந்தரின் மீன், பாறையில் ஊரும் மிகச் சிறிய உயிர்களையே பெரும்பாலும் தின்று வாழும். புதுத் தொட்டியில் அவை போதிய அளவு இரா. வேறு இரையை எவ்வளவு தூவினாலும் அது பெரும்பாலும் தொடாது. நம் கண்முன்னே நாளுக்கு நாள் மெலிந்து சாகும். கடற்சாமந்தியும் பல மாதங்கள் பக்குவப்பட்ட தொட்டியையே வேண்டும். ‘இது எங்கிருந்து வந்தது? தொட்டியில் பிறந்ததா, கடலில் பிடித்ததா? பவளத்துக்கு அனுமதிப் பத்திரம் உண்டா?’ என்று கடைக்காரரிடம் கேட்பதில் வெட்கமில்லை. நன்கு பேணினால் கோமாளி மீன் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது யார் பார்ப்பார்கள், வீடு மாறினால் என்ன செய்வது என்பதெல்லாம் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு மீன் சாகலாம். உயிருள்ளது எதுவும் ஒரு நாள் போகவே செய்யும். அதற்காக எவரையும் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. ‘நான் பொறுத்திருந்தால் இது பிழைத்திருக்குமா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று நெஞ்சறியச் சொல்ல முடிந்தால் போதும்.

தொட்டி வாங்கிய முதல் மாதத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று குழந்தைகள் குறை சொல்வார்கள். அவர்களை அருகில் அழைத்து, அந்த வெறும் நீரில் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் வேலையைச் சொல்லிக் கொடுங்கள். வாரத்துக்கு இருமுறை அவர்கள் கையாலேயே நீரைச் சோதிக்கச் செய்யுங்கள். வரப்போகும் ஓர் உயிருக்காகக் காத்திருக்கப் பழகிய குழந்தை, மீன் வளர்ப்பதைக் காட்டிலும் பெரிய பாடம் ஒன்றைக் கற்றுக்கொள்ளும். அந்தப் பாடத்திற்கு எந்த உயிரும் விலை கொடுக்க வேண்டியதில்லை.