உயர ஏறுபவனும் தப்பிசைப்பவனும்

கலை தனிமனிதனின் ஆக்கமா, கூட்டத்தின் ஆக்கமா என்பது அழகியலார் நெடுங்காலமாக வாதிட்டுவரும் வினா. அதனை அறவியல் வினாவாகவும் மாற்றிவிடும் கலைவடிவம் ஒன்றுண்டு. ஆடுபவன் நிலத்தை விட்டு உயர, இசைப்பவன் நிலத்தில் நின்று தாளம் வழங்கும் ஆட்டமே அது. அங்கே ஒருவனது உயிர் மற்றொருவனது கவனத்தில் தங்கியுள்ளது. அவ்வாறாயின், அவ்வாட்டத்தின் பெருமை யாருக்குரியது?

தமிழுக்கு இது புதிய காட்சியன்று. குறுந்தொகையின் 7ஆம் பாடல், காற்றில் அசையும் வாகை நெற்றுகளின் ஒலியை ஆரியக் கூத்தர் கயிற்றின்மேல் ஆடும்போது முழங்கும் பறையொலிக்கு ஒப்பிடுகின்றது. புலவர் செவியில் நிலைத்தது ஆடியவனின் காலன்று, அடித்தவனின் பறையே. சிலப்பதிகார அரங்கேற்று காதையோ ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகிய ஒவ்வொருவரின் தகுதியையும் விரித்துரைக்கின்றது. எனினும் தலைக்கோலும் 1008 கழஞ்சுப் பொன்னும் மாதவிக்கே கிட்டின. இலக்கியம் பலரை நினைவுகூர்ந்தது. அரசவை ஒருத்திக்கே பரிசளித்தது.

இவ்வினாவை நம் மலையகத்தில் வைத்து நோக்குவோம். வட்டவளைக்கும் அட்டனுக்கும் இடையேயுள்ள றொசல்ல போன்ற தோட்டப்புறங்களில் வாழும் மக்கள் தமிழகத்திலிருந்து தம்மோடு கொண்டுவந்த செல்வங்கள் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்பன. பாசுபதம் வேண்டித் தவம்புரியும் அருச்சுனன், நட்ட நெடுமரத்தில் பாடியவாறே ஏறுகின்றான். கீழே தப்பு முழங்குகின்றது. கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் களைத்த மக்கள் லயத்து வாசலை விட்டு வந்து, இரவெல்லாம் அண்ணாந்து நிற்கின்றனர். ஏறுபவனின் மூச்சுக்கேற்பத் தாளம் தணியவேண்டும். அவன் துணிவு தளருமிடத்து அது தாங்கவேண்டும்.

மேனாட்டில் நடனக் கலைஞர் மேர்ஸ் கன்னிங்காமும் இசையமைப்பாளர் ஜோன் கேஜும் ஆடலையும் இசையையும் தனித்தனியே அமைத்து, மேடையில் மட்டும் சந்திக்க விட்டனர். ஒன்று மற்றொன்றுக்கு அடிமையாகலாகாது என்பது அவர்தம் கொள்கை. அது சிறந்த கொள்கையே. ஆனால் தாளத்தையே பற்றுக்கோடாகக் கொண்டு மரமேறுபவனுக்கு அது பொருந்துமா? பொருந்தாது. அவனுக்குத் தாளத்திலிருந்து விடுதலை தேவையில்லை. தாளத்தின்மீது நம்பிக்கையே தேவை. விடுதலையைப் போலவே நம்பிக்கையும் சமமானோரிடையேதான் நேர்மையாக நிலவமுடியும்.

ஆபத்து ஏறுபவனுக்கே, ஆகவே சிறப்பும் அவனுக்கே என்று சிலர் கூறலாம். இதில் உண்மையின் ஒரு பகுதி உண்டு. துணிவு போற்றத்தக்கது. ஆயினும் ஏறுபவன் பிழைத்தால் வீழ்வது அவனே. இசைப்பவன் பிழைத்தால் வீழ்வதோ பிறிதொருவன். தன்னுயிரைப் பணயம் வைப்பதற்குத் துணிவு போதும். பிறனுயிரைத் தன் கையில் ஏற்பதற்குப் பொறுப்பு வேண்டும். இவற்றுள் ஒன்றைப் புகழ்ந்து மற்றொன்றை மறப்பது நீதியாகாது.

மறப்பதோடு நின்றிருந்தால் குறை சிறிதே. நம் சமூகம் மறந்தது மட்டுமன்று, இழிவும் செய்தது. தப்பு அடித்தல் சாதியின் கடமையாக ஒரு பிரிவினர்மேல் சுமத்தப்பட்டது. இரவு முழுவதும் ஒருவனது தாளத்தை நம்பிவிட்டு, விடிந்ததும் அவனைத் தாழ்ந்தவன் எனத் தள்ளிநிறுத்துவது, அவன் தந்த நம்பிக்கையைத் திருடுவதாகும். இவ்விழிவை எண்ணித் தப்பைத் தொட மறுத்த இளைஞரைக் கலையை அழிப்போர் எனக் குறைகூறுதல் தகாது. அவர்கள் மறுத்தது தோலையும் தாளத்தையும் அன்று, அவற்றோடு கட்டப்பட்ட அவமதிப்பையே. அதே தப்பைத் தம் உரிமைக் குரலாக மீண்டும் கையிலெடுத்தவர்களும் நாடியது அதே மதிப்பைத்தான்.

தோட்டங்களில் ஒருகாலத்தில் விடியற்காலையில் பிரட்டுக்கு ஆளழைக்கவும் தப்பே முழங்கியது. காலையில் அது ஏவல். கூத்தில் அது துணை. கருவி ஒன்றே, அடிக்கும் கையும் ஒன்றாகவே இருக்கலாம், உறவுதான் வேறு. ஏவலில் ஒருவன் மேல், ஒருவன் கீழ். துணையில் ஒருவன் மரத்தின் உச்சியில் நின்றாலும் இருவரும் ஒரே நிலையினர். கூட்டுக்கலையின் அறம் இவ்வேறுபாட்டிலேயே அடங்கியுள்ளது எனலாம்.

இன்று பல்கலைக்கழக மேடைகளும் தப்பொலியை வரவேற்கின்றன. வரவேற்பு கைதட்டலோடு முடியலாகாது. நிகழ்ச்சித்தாளில் நெறியாளர் பெயர் இருக்குமிடத்தில் தப்பிசைத்தவர் பெயரும் இருத்தல் வேண்டும். மதிப்பூதியமும் விருந்தும் ஒரே வரிசையில் கிடைத்தல் வேண்டும். ஆட்டத்தை அண்ணாந்து பார்க்கப் பழகிய நம் கண்கள், அதனைத் தாங்கி நிற்பவரை நேருக்கு நேர் பார்க்கவும் பழகட்டும்.